சும்மா இருக்கும்போது மூளை என்ன செய்கிறது?

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் சட்டென்று சொல்லும் பதில் என்ன? "சும்மா வீட்லதான் இருக்கேன்!" விடிகாலை வாசல் தெளிப்பதில் தொடங்கி, ராத்திரி பாத்திரம் கவிழ்த்து அடுப்பங்கரை விளக்கை அணைக்கிற வரை ஓடுகிறவளுக்கு நாமே வைத்துக்கொண்ட பெயர், 'சும்மா இருக்கிறவள்'.

அந்தச் சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம், சகோதரிகளே! இன்று நான் சொல்ல வந்தது, நிஜமாகவே நாம் சும்மா இருக்கிற கொஞ்ச நேரத்தைப் பற்றி. மத்தியானம் சாப்பாடு முடிந்து சுவரில் சாய்ந்து உட்கார்கிறோமே, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஜன்னல் வழியே எங்கோ பார்க்கிறோமே, அந்த நேரம். கை ஓய்ந்திருக்கிறது, கண் எதையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. அப்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது? மூளையும் நம்மோடு சேர்ந்து கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறதா?

நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். என் மகள் நர்ஸிங் படிக்கிறாள். லீவில் ஏரியூருக்கு வந்தால் பாடப் புத்தகத்தில் படித்ததையெல்லாம் எனக்குச் சொல்லுவாள். அவள் சொல்லிக் கேட்டதும், பிறகு ஆர்வத்தில் நானே தேடிப் படித்ததும்தான் இங்கே எழுதுவது.

அணையாத அடுப்பு

நம் மூளையின் எடை ஏறக்குறைய ஒன்றே கால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும். உடம்பின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் நாம் சாப்பிட்டு உண்டாகும் சக்தியில் அது எடுத்துக்கொள்வது நூற்றுக்கு இருபது பங்கு! வீட்டில் மிகச் சின்னப் பிள்ளை, ஆனால் ஐந்தில் ஒரு பங்குச் சோறு அதற்கே போகிறது என்றால் எப்படி இருக்கும்?

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. நாம் மூளையைக் கசக்கிக் கணக்குப் போடும்போது இந்தச் செலவு மளமளவென்று கூடிவிடும் என்றுதானே நினைப்போம்? 1955-ல் அமெரிக்காவில் லூயி சோக்கலாஃப் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இதை அளந்து பார்த்தார்கள். சும்மா படுத்திருக்கும்போது ஒரு அளவு, மனக்கணக்குப் போடும்போது ஒரு அளவு. மூளை முழுவதற்குமான மொத்தக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பின்னால் வந்த ஆராய்ச்சிகளும், கவனமாக ஒரு வேலை செய்யும்போது கூடுதலாகும் செலவு நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவுதான் என்கின்றன.

அதாவது, நாம் சும்மா இருக்கும்போது மூளை அடுப்பை அணைப்பதில்லை. தணலைக்கூடக் குறைப்பதில்லை. வேறு ஏதோ உலையை ஏற்றிவிடுகிறது!

மூளை ஓயாது என்பதற்கு முதல் அடையாளம் ஜெர்மனியில் கிடைத்தது. ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர், மண்டையின் மேல் கம்பி பொருத்தி மூளையின் மின் அலைகளை 1924-ல் பதிவு செய்தார். 1929-ல் அதை வெளியிட்டார். இன்று வலிப்பு நோய்க்கு ஆஸ்பத்திரியில் எடுக்கிற 'இ.இ.ஜி.' பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான். கண்ணை மூடி அமைதியாக இருக்கிறவரிடம் வினாடிக்குச் சுமார் பத்து தடவை சீரான அலை எழுவதை அவர் கண்டார். கண் திறந்து எதையாவது கவனித்தால் அந்தச் சீர் கலைந்துவிடும். ஓய்வில் மூளை மௌனமாக இல்லை, வேறு தாளத்தில் இருக்கிறது என்று அன்றே தெரிந்தது.

சும்மா இருந்தால் விழிக்கும் வலை

அந்த உலையில் வேகிறது என்ன? 1995-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பாரத் பிஸ்வால் என்ற மாணவர் ஒரு காரியம் செய்தார். பெயரைக் கேட்டாலே நம் நாட்டு வேர் தெரிகிறது, இல்லையா? ஸ்கேன் எந்திரத்துக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, "ஒன்றும் செய்யாதீர்கள், சும்மா படுத்திருங்கள்" என்று சொல்லிப் படம் எடுத்தார். மூளையின் இடது பாதியில் கை அசைவைக் கவனிக்கும் பகுதியும், வலது பாதியில் உள்ள அதன் ஜோடியும், கை அசையாமல் இருக்கும்போதே ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைக் கண்டார். வேலை இல்லாத நேரத்திலும் இரண்டும் பேச்சை நிறுத்தவில்லை!

2001-ல் செயின்ட் லூயி நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் மார்கஸ் ரெய்க்லும் அவர் குழுவினரும் இன்னொன்றைச் சொன்னார்கள். ஒரு வேலையில் கவனம் வைத்ததும் மூளையின் சில பகுதிகள் அடங்குகின்றன. வேலையை விட்டதும் அவை எழுந்துகொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஒன்று, பின்மண்டைப் பக்கம் உள்ளே ஒன்று, காதுகளுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி இருபுறமும் ஒவ்வொன்று என, இவை எல்லாம் ஒரு கூட்டாக வேலை செய்கின்றன. இந்தக் கூட்டுக்கு 'டிஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்று பெயர். நாம் 'சும்மா வலை' என்றே வைத்துக்கொள்வோமே!

இந்தச் சும்மா வலை செய்கிற காரியங்களைக் கேட்டால், "அட, இது நம்ம வேலையாச்சே!" என்பீர்கள். நடந்ததை நினைத்துப் பார்ப்பது, நடக்கப்போவதைக் கற்பனை செய்து பார்ப்பது, இன்னொருவர் மனசில் என்ன இருக்கும் என்று யோசிப்பது, 'நான் யார், என் நிலை என்ன' என்று தன்னையே பார்த்துக்கொள்வது. பெரும்பாலும் இவைதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாசி, பங்குனியில் புளி உடைப்பார்கள். திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துப் போடுவோம். கை அது பாட்டுக்குப் போகும். பேச்சு ஓய்ந்து எல்லோரும் மௌனமாகிற ஒரு நேரம் வரும். அப்போது யாராவது ஒருத்தி, "ஏக்கா, அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்தப்போ அவ முகமே சரியில்ல, கவனிச்சியா?" என்பாள். மூணு மாசத்துக்கு முந்தைய சங்கதி! சும்மா வலை வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பரிசலுக்காக நாகமரைத் துறையில் காத்து நிற்கும்போதும் அப்படித்தான். கண் மேட்டூர் அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும், மனசு மகளின் ஹாஸ்டல் பீஸுக்கு வழி தேடிக்கொண்டிருக்கும்.

கப்பலில் வேடிக்கை பார்த்த தமிழர்

இந்த ஓய்வு நேரத்திலிருந்து பெரிய காரியமும் பிறப்பதுண்டு. திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921-ல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கண்ணைப் பிடித்து நிறுத்தியது. வானத்தின் நிழல்தான் கடலின் நீலம் என்று அன்று பெரிய விஞ்ஞானிகளே சொல்லிவந்தார்கள். அப்படித்தானா என்ற கேள்வி இவருக்கு. கையிலிருந்த சின்னக் கருவியை வைத்துக் கப்பல் தட்டிலேயே சோதித்தார். நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அந்த வழியில் தொடர்ந்து உழைத்து 1928 பிப்ரவரி 28-ல் 'ராமன் விளைவை'க் கண்டுபிடித்தார், 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

சும்மா கடலைப் பார்த்தால் நமக்கும் நோபல் பரிசு வந்துவிடுமா? வராது! கேள்வி முதலில் உள்ளே இருக்க வேண்டும், அதன் பின்னால் ஏழு வருஷ உழைப்பும் இருக்க வேண்டும். ஆனால் அவசரமில்லாத ஒரு நேரம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி தலை தூக்கவே இடம் கிடைக்காதே!

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு

இளம் தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். 2014-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியின்படி, ஐந்து வயதை ஒட்டிய பிள்ளையின் மூளை, அதன் உடம்பு செலவழிக்கும் மொத்த சக்தியில் நூற்றுக்கு 43 பங்கு எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு இருபது, பிள்ளைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த வயதில் உடம்பு மெதுவாக வளர்வதே அதனால்தான் என்கிறார்கள். காலையில் பசியோடு அனுப்பாதீர்கள் என்று நம் பாட்டிமார்கள் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கொடுத்ததில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது, பாருங்கள்!

அப்படிப்பட்ட பிள்ளை வாசலில் உட்கார்ந்து எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "என்னடா பராக்குப் பார்த்துக்கிட்டிருக்க? எந்திரிச்சுப் போய்ப் படி!" இல்லாவிட்டால் அழுகிறது என்று செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்து 2012-ல் வெளியான ஒரு சோதனையைச் சொல்கிறேன். 61 முதல் 87 வயது வரையுள்ள 33 பேரிடம் இரண்டு சின்னக் கதைகள் சொன்னார்கள். ஒரு கதை முடிந்ததும் இருட்டு அறையில் கண்மூடிப் பத்து நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னார்கள். இன்னொரு கதை முடிந்ததும், நம் பத்திரிகைகளில் வருகிற 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' மாதிரி ஒரு விளையாட்டைக் கம்ப்யூட்டரில் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்துக் கேட்டால், சும்மா இருந்த பத்து நிமிஷத்துக்கு முந்திக் கேட்ட கதைதான் நன்றாக நினைவில் இருந்தது!

இது வயதானவர்களிடம் செய்த சோதனைதான். ஆனாலும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடியதும் உடனே டி.வி., உடனே செல்போன் என்று போகாமல் பத்து நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்தால் ஒன்றும் நஷ்டமில்லையே! இட்லி மாவை அரைத்த கையோடு யாரும் இட்லி ஊற்றுவதில்லை. புளிக்க நேரம் விடுகிறோம். படித்ததும் அப்படித்தான்.

அதே வலை கழுத்தை இறுக்கும்போது

இதுவரை சொன்னது நல்ல முகம். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியதற்கே அர்த்தமில்லை.

2010-ல் அமெரிக்காவில் 2,250 பேரிடம் செல்போன் மூலம் நாளில் பல தடவை, "இப்போது என்ன செய்கிறீர்கள்? மனசு அதில் இருக்கிறதா? சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய பாதியில், நூற்றுக்கு 47 தடவை, மனசு செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைகிற நேரங்களில் சந்தோஷம் குறைவாகவே இருந்தது. நல்லதை நினைத்து அலைந்தால் கெடுதல் இல்லை. கவலையை நோக்கி அலைந்தால்தான் துன்பம்.

2014-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இன்னொரு வேடிக்கை. வெறும் அறையில் 15 நிமிஷம் தனியாக உட்காரச் சொன்னார்கள். கூடவே ஒரு பொத்தான். அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். "இந்த ஷாக் வேண்டவே வேண்டாம், தப்பிக்கக் காசு கொடுக்கவும் தயார்" என்று முன்னால் சொன்னவர்களிலேயே, சும்மா இருக்க முடியாமல் 18 ஆண்களில் 12 பேர் அதை அழுத்தினார்கள்! பெண்கள் 24 பேரில் 6 பேர். நம் பொறுமைக்கு இது ஒரு சர்டிபிகேட் என்று வைத்துக்கொள்ளலாம்!

சிரிப்பு இருக்கட்டும். என் சித்தி மகள், எனக்குத் தங்கை முறை, இரண்டு வருஷத்துக்கு முன் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். சுகப் பிரசவம், குழந்தையும் நல்ல எடை. "எந்த வேலையும் செய்யாத, நல்லா ரெஸ்ட் எடு" என்று எல்லோரும் அவளைத் தாங்கினார்கள். அவளும் படுத்தே இருந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. இருபது நாள் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மெல்லச் சொன்னாள்: "அக்கா, படுத்தா தலைக்குள்ள ஒரே பேச்சா இருக்குது. கொழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோ, நான் நல்ல அம்மா இல்லையோன்னு அதேதான் சுத்திச் சுத்தி வருது. நிறுத்தவே முடியல."

அந்த வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி விஷயமாக வந்த நர்ஸம்மா தாயைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "ஏம்மா, கொழந்தை தூங்கறப்போ உனக்குத் தூக்கம் வருதா?" அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. குழந்தை அழுது கண் விழிப்பது எல்லாத் தாய்க்கும் உண்டு. குழந்தை நன்றாகத் தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய சங்கதி என்று சொல்லி, நர்ஸம்மாவே டாக்டரிடம் போக ஏற்பாடு செய்தார். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு என்றார் டாக்டர். பால் கொடுக்கிற தாய்க்கு ஏற்ற மாத்திரை, வாரா வாரம் உட்கார்ந்து பேச்சு. மூன்று மாதத்தில் பழைய சிரிப்பு திரும்பியது. இன்று அந்தக் குழந்தை வீட்டையே இரண்டாக்குகிறது!

ஓய்வு அவளுக்கு மருந்தாகவில்லை. ஏனென்றால் அவள் உடம்புதான் படுத்திருந்தது. மூளையில் சும்மா வலை ஒரே கவலையைச் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த வலையின் இயக்கம் மாறியிருப்பதையும், ஒரே நினைப்பில் உழல்வதோடு அது சேர்ந்திருப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். "சும்மா யோசிச்சுக்கிட்டே இருக்காத" என்று அதட்டினால் அது நிற்காது. அவள் திமிரோ, சோம்பலோ அல்ல அது.

கடிவாளம் பிடிக்க முடியுமா?

முடியும், பழக்கத்தால். 1961-ல் புதுதில்லி எய்ம்ஸில் டாக்டர்கள் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். தியானத்தில் இருக்கும்போது பளிச்சென்று விளக்கு அடித்தாலும், பெரிய சத்தம் எழுப்பினாலும் அந்தச் சீரான அலை கலையவில்லை. 2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், பல வருஷம் தியானம் பழகியவர்களின் சும்மா வலை மற்றவர்களுடையதைவிட அடங்கியிருப்பதை ஸ்கேனில் பார்த்தார்கள். 'சும்மா இரு' என்று நம் பெரியவர்கள் சொன்னது கையைக் கட்டி உட்காருவதை அல்ல, இதைத்தான் போலிருக்கிறது.

யோகி ஆகிற அளவு நமக்கு நேரம் ஏது? நான் கடைப்பிடிக்கிற சிலவற்றைச் சொல்கிறேன்.

1. நாளில் பத்து நிமிஷம், செல்போன் இல்லாமல், டி.வி. இல்லாமல் உட்காருங்கள். மத்தியானம் சாப்பிட்ட பின் எனக்குச் சௌகரியம். போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவது மூளைக்கு ஓய்வு அல்ல, இன்னொரு வேலை.

2. மனசு எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். நல்ல பக்கம் போனால் போகட்டும். ஒரே கவலை மூன்றாம் தடவை சுற்றி வந்தால், எழுந்துவிடுங்கள். கைவேலை ஒன்று எடுங்கள். பூக் கட்டலாம், கீரை ஆயலாம், கடலைக்காய் உரிக்கலாம். அல்லது மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். கவனம் ஓரிடத்தில் நின்றால் அந்த வலை தானே தணியும்.

3. ராத்திரி படுக்கையில் நாளைய வேலை, கடன், பீஸ் என்று ஓடினால், படுக்கும் முன் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

4. பிள்ளை பராக்குப் பார்த்தால் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல், விளையாடவும் போகாமல் எப்போதும் அப்படியே இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

5. புதுத் தாயிடம் "தூங்கினியா?" என்று கேளுங்கள். அழுகை, தூக்கமின்மை, பயம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். தனக்கோ குழந்தைக்கோ கெடுதல் செய்துகொள்ளும் நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவளைத் தனியே விடக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்தப் பத்து நிமிஷத்தை யாரும் தட்டில் வைத்து நமக்குத் தர மாட்டார்கள். "என்ன, உக்காந்துட்ட?" என்று குரல் வந்தால் கோபப்படாமல், "மூளைக்குள்ள வேலை நடக்குதுங்க, பத்து நிமிஷத்துல வரேன்" என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால், இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி மேஜை மேல் விரித்து வைத்துவிடுங்கள்!